மெழுகு இறுகும் வரை

ஆடி மாதம் முடிந்ததும் என் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்கு மேல், வீட்டு வேலை ஓய்ந்த நேரத்தில்.

"வீணை ஒண்ணு இருக்குப்பா. பாலிஷ் போட்டுத் தரணும். நவராத்திரிக்குள்ள கிடைக்குமா?"

"யாரும்மா வாசிக்கிறாங்க?"

"யாரும் வாசிக்கறதில்லை. கொலுவில வைக்கணும்."

"தந்தி மாத்திடவா?"

"அதெல்லாம் வேண்டாம். பளிச்சுன்னு இருந்தாப் போதும்."

தொழில் தொடங்கிய புதிதில் இந்த அழைப்புகள் எனக்கு எரிச்சல் மூட்டும். நாதத்துக்காகக் குடைந்து குடைந்து செய்த ஒன்றைப் பொம்மைக்குப் பக்கத்தில் பொம்மையாக வைக்கிறார்களே என்று தோன்றும். இப்போது அப்படி இல்லை. கடை வாடகையில் இரண்டு மாதத்தை இந்தக் கொலு வீணைகள்தான் கட்டுகின்றன. தவிர, கொலு என்று ஒன்று இல்லாவிட்டால் அவை பரணிலிருந்து இறங்கப் போவதே இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை இறங்குவதால்தான் கரையான் ஏறியதும் தந்தியை முறுக்கும் பிரடை காணாமல் போனதும் வீட்டாருக்குத் தெரிகிறது. வேண்டாம் என்று சொன்னாலும் நான் நாலு தந்தியைப் போட்டுத்தான் அனுப்புவேன். காசு கேட்பதில்லை. பூஜையன்று வீட்டுக்கு வருகிற ஏதாவது ஒரு குழந்தை அதைச் சுண்டிப் பார்க்காமல் இருக்காது. சுண்டினால் சத்தம் வர வேண்டும், அவ்வளவுதான்.

மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். 2009இல் தொடங்கினேன். இன்றுவரை ஒரு வீணையையும் நான் முதலிலிருந்து செய்ததில்லை. மற்றவர்கள் செய்த வீணையைச் சரி பார்ப்பது மட்டும்தான் வேலை. தஞ்சாவூரில் பெரியப்பாவுக்குப் பட்டறை இருந்தது. அவர் செய்கிறவர். நான் டிப்ளமா படித்துவிட்டு வேலை கிடைக்காமல் அவரிடம் போய் உட்கார்ந்தவன். மூன்று வருஷம் கழித்துச் சென்னையில் ரிப்பேர் கடை போடுகிறேன் என்றதும் அவர் சொன்னது: "செய்யறவனுக்குப் பேரு கிடைக்கும், ரிப்பேர் பண்றவனுக்குப் பேச்சுதான் கிடைக்கும். யோசிச்சுக்க." யோசிக்கவில்லை. பேச்சு நிறையவே கிடைத்தது.

பெரியப்பாவின் உலகம் வேறு. பண்ருட்டிப் பக்கத்துப் பலா. மரத்தை வாங்கும்போதே விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாவில் நாதம் கூடும் என்று பட்டறையில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் கோயிலை ஒட்டி நிற்கும் மரத்தை யாரும் சீக்கிரம் வெட்டமாட்டார்கள், அதனால் வைரம் பாய்ந்திருக்கும் என்பது நியாயமாகப் படுகிறது. ஒரே மரத்தில் உருண்டைக் குடம், நீண்ட கழுத்தான தண்டி, நுனியில் இருக்கும் யாளித் தலை வரை குடைந்தெடுத்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. எனக்கு வருவதில் பெரும்பாலானவை ஒட்டு வீணைகளே. வாசிக்கிறவர்களுக்கு இதில் ஒரு தாழ்வு மனப்பான்மை உண்டு. "ஒட்டுதான்ப்பா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். நல்ல ஒட்டு வீணை சுமாரான ஏகாந்தத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நான் கேட்டிருக்கிறேன்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியப்பா அந்தச் செய்தித்தாளை மடித்துக் கல்லாப்பெட்டியில் வைத்திருந்தார். அதே வாரம் என்னிடம் ஒரு வீணையின் யாளிக்கு நாக்கு வைக்கச் சொல்லி வந்தார்கள். வீட்டுக் குழந்தை பிடுங்கிவிட்டதாம்.

சரி, மேளத்துக்கு வருகிறேன். வீணை ரிப்பேர் என்றால் முக்கால்வாசி மேளம்தான்.

வீணையின் தண்டி மேல், தந்தியை விரலால் அழுத்தும் இடங்களில், மெட்டுகள் என்கிற 24 உலோகக் கட்டைகள் இருக்கும். கிட்டாரில் இருப்பது போல மரத்தில் அறைந்தவை அல்ல. தண்டியின் இரண்டு ஓரமும் மெழுகால் கரை கட்டி, அதில் வெண்கல மெட்டுகளைப் பதித்திருப்பார்கள். தேன்மெழுகும் கரித்தூளும் சேர்ந்த கலவை. வெயில் ஊருக்குப் போகிற வீணை என்றால் நான் கொஞ்சம் குங்கிலியமும் சேர்ப்பேன். இந்த மெட்டுகளைச் சுருதிக்கு ஏற்ப நிறுத்துவதற்குப் பெயர்தான் மேளம் கட்டுவது. நாதஸ்வர மேளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 16ஆம் நூற்றாண்டு இசை நூல்களில் வீணைகளையே மேளத்தை வைத்துத்தான் வகை பிரித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு ராகத்துக்கு வேண்டிய மெட்டுகளை மட்டும் நிறுத்திக்கொண்டு, ராகம் மாறினால் நகர்த்துவதும் உண்டு. எல்லா ராகத்துக்கும் பொதுவாக, ஸ்தாயிக்குப் (ஸ முதல் மேல் ஸ வரை) பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுகளை நிலையாக நிறுத்திய வீணை, தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் வந்தது என்பார்கள். நானூறு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் மெழுகு மெழுகாகவே இருக்கிறது. ஸ்க்ரூ போட்ட மெட்டுகளும் வந்துவிட்டன. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் கேட்கிறார்கள், போட்டுத் தருகிறேன். மெழுகைக் கைவிட மனம் வராதவர்களே இன்னும் அதிகம். நானும் அந்தக் கட்சி.

காரணம் எளிது. மெழுகில் தவறு செய்யலாம். சூடு காட்டினால் இளகும், மெட்டை ஒரு மயிரிழை தள்ளி நிறுத்தலாம்.

வேலை பார்க்கச் சாதாரணமாக இருக்கும். பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, உருக்கி, வடிகட்டி, புதுமெழுகும் கரித்தூளும் சேர்த்து, சப்பாத்தி மாவு போலப் பிசைந்து கரை கட்டுவேன். தந்தி இழுத்து இழுத்துப் பள்ளம் விழுந்த மெட்டுகளை அரத்தால் தேய்த்துச் சமன் செய்வேன். ரொம்பத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுவேன். அப்புறம் தம்புராச் சுருதியைப் போட்டுவிட்டுச் சாரணி என்கிற முதல் தந்தியைச் சுருதி சேர்ப்பேன். முதலில் பன்னிரண்டாவது மெட்டு, மேல் ஷட்ஜம், அதாவது மேல் ஸ. தண்டியின் மேல்முனையில் தந்தி தொடங்கும் மேருவுக்கும் குடத்தின் மேல் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவில் அளந்து வைத்தால் வந்துவிடும் என்று நினைப்பீர்கள். வராது. விரலால் அழுத்தும்போது தந்தி இழுபடுகிறது, சுருதி ஏறிவிடும். அதனால் நடுவைவிடக் கொஞ்சம் மேருப் பக்கம் தள்ளி நிறுத்த வேண்டும். எவ்வளவு தள்ளி? அது மெட்டின் உயரத்தையும் தந்தியின் கனத்தையும் பொறுத்தது. இன்னொன்றையும் பொறுத்தது: வாசிக்கிறவரின் கை. ஒருவர் பூப்போல வைப்பார், ஒருவர் ஆணி அடிப்பது போல அழுத்துவார். என் கைக்குச் சுத்தமாகச் சேர்ந்த மேளம் அவர் கைக்கு ஏறியிருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருஷம் ஆனது. புரியவைத்தவர் ஒரு டீச்சர்.

அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மாம்பலத்தில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு வழக்கமாக மேளம் கட்டியவர் இறந்துபோனதால் என்னிடம் வந்தார். அது ஸ்மார்ட்போன் வந்த புதிது. சுருதி காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். ஸ்வரம் சரியாக இருந்தால் பச்சை விளக்கு, தப்பினால் சிவப்பு. எனக்கு அதில் ஒரே பெருமை. காதையும் கேட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன், ஆனால் காதுக்கும் பச்சை விளக்குக்கும் சண்டை வந்த இடத்தில் விளக்கு சொன்னதைக் கேட்டேன். 24 மெட்டும் பச்சை. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் போன். "தம்பி, நன்னாத்தான் பண்ணியிருக்கே. ஆனா ஏதோ உறுத்தறது." போனேன், ஆப்பை எடுத்துக் காட்டினேன், எல்லாம் பச்சை. அவரும் விளக்கைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போன். எது உறுத்துகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. எனக்கும் பிடிபடவில்லை. மனசுக்குள் "வயசாயிடுச்சு, காது போயிடுச்சு" என்று கூட நினைத்தேன். அதை இங்கே எழுதாமல் விடுவது சரியில்லை.

மூன்றாவது தடவை போனபோது ஒரு சின்னப் பெண் அந்த வீணையில் சரளி வரிசை, ஆரம்பப் பாடம், வாசித்துக்கொண்டிருந்தாள். மாயாமாளவகௌளை ராகம். பக்கத்தில் நிஜத் தம்புரா, சுருதிப் பெட்டி இல்லை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு மீட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் காந்தாரத்தில் நிற்கும்போதெல்லாம் டீச்சரின் புருவம் லேசாகச் சுருங்கியது. மத்தியமத்துக்குப் போனதும் விரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தம்புராவை நன்றாகச் சேர்த்தால் அந்தர காந்தாரம், அந்த ராகத்தின் க, தானாகக் கேட்கும், யாரும் மீட்டாமலே. ஒரு ஸ்தாயியை 1,200 சென்ட்டாகப் பிரித்தால் அந்தத் தானாகக் கேட்கும் காந்தாரம் 386இல் இருக்கும். ஆப் பியானோக் கணக்கில் எழுதப்பட்டது. அது ஸ்தாயியைச் சமமாகப் பன்னிரண்டாக வெட்டுவதால் காந்தாரத்தை 400இல் வைக்கிறது. வித்தியாசம் 14 சென்ட். தண்டியில் அளந்தால் அரை சென்டிமீட்டர்தான். தம்புரா இல்லாத அறையில் அது யாருக்கும் தெரியாது. தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது வருஷம் கற்றுக்கொடுத்தவருக்கு அது பல்லிடுக்கில் மாட்டிய நார்.

அன்றைக்கே அவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து காந்தார மெட்டையும் நிஷாத மெட்டையும் இறக்கினேன். அவர் மீட்ட, நான் இரும்புக்கம்பியைச் சூடாக்கி மெழுகை இளக்கித் தள்ள, "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்" என்று. அதோடு முடியவில்லை. ஒரு மெட்டு ஒரு தந்திக்கு மட்டும் சொந்தமில்லையே. சாரணியில் சதுஸ்ருதி ரிஷபம் (ஒரு வகை ரி) பேசுகிற இரண்டாவது மெட்டுதான், ப-வுக்குச் சேர்த்த பஞ்சமத் தந்தியில் சதுஸ்ருதி தைவதம் (ஒரு வகை த). ரிஷபத்தைத் தம்புராவின் பஞ்சமத்தோடு ஒட்டி நிறுத்தினால் பஞ்சமத் தந்தியின் தைவதம் ஏறிவிடும். தைவதத்தை இறக்கினால் ரிஷபம் சோர்ந்துவிடும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 22 சென்ட். எங்கே நிறுத்துவது? டீச்சர் யோசிக்கவே இல்லை. "ரிஷபத்தை நன்னா வை. தைவதத்தை நான் பார்த்துக்கறேன், அங்க நான் எப்பவும் கமகத்துலதான் போவேன்." இந்தப் பதிலை எந்த ஆப்பும் சொல்லாது. அவர் கை எந்த ஸ்வரத்தில் நிற்கும், எதில் அசையும் என்பது அவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வீணையை வாங்கியதும் சரி பார்ப்பதில்லை. கொண்டுவந்தவரை உட்காரவைத்துப் பத்து நிமிஷம் வாசிக்கச் சொல்வேன். கூச்சப்படுவார்கள். "எனக்கு ஒண்ணும் பெரிசா வராதுங்க" என்பார்கள். பரவாயில்லை, கீதமாவது வாசியுங்கள் என்பேன். கையைப் பார்ப்பேன். எந்தத் தந்தியில் அதிகம் இருக்கிறார்கள், எவ்வளவு இழுக்கிறார்கள், எந்தச் சுருதியில் வைத்திருக்கிறார்கள், முகம் எங்கே சுருங்குகிறது. பிறகு ஒரு அட்டையில் எழுதிக்கொள்வேன்: மேருவிலிருந்து குதிரை வரை நீளம், தந்திகளின் கனம், சுருதி, ஒவ்வொரு மெட்டும் நிற்கும் இடம். அட்டைகள் இப்போது மூன்று பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. மனைவி இவற்றைக் கணினியில் ஏற்றச் சொல்கிறாள். ஏற்ற வேண்டும்.

வருகிற புகார் ஒன்றாக இருக்கும், உண்மையான கோளாறு வேறாக இருக்கும். இது மருத்துவர்களும் மெக்கானிக்குகளும் சொல்வதுதான். எங்கள் தொழிலில் இதற்கு உச்சகட்டம் "கர்ர்னு ஒரு சத்தம் வருது" என்கிற புகார். கர்ர் எங்கிருந்தும் வரும். குதிரை மேலே பதித்த வெண்கலத் தகட்டின் வளைவு கெட்டிருக்கலாம். அந்தத் தகட்டை அரத்தால் தேய்த்து, தந்தி அதன் மேல் உரசியும் உரசாமலும் கிடக்கும்படி வைப்பதில்தான் வீணையின் குரலே இருக்கிறது. தட்டையாகிவிட்டால் இரையும். அதிகம் வளைந்தால் நாதம் செத்துவிடும். அங்கே இல்லையென்றால் ஏதோ ஒரு மெட்டு தலை தூக்கியிருக்கும். அதுவும் இல்லையென்றால் தந்தியின் வாலைப் பிடிக்கும் லங்கர் தளர்ந்திருக்கும், தண்டிக்கு அடியில் இருக்கும் சுரைக்காயின் திருகு ஆடும், குடத்தின் அலங்காரப் பட்டை பெயர்ந்திருக்கும், ஒட்டவைத்த கான்டாக்ட் மைக்கின் ஒயர் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு பெண்மணியின் வளையல் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணிநேரம் ஆயிற்று.

அடையாறிலிருந்து ஒருவர் இதே புகாரோடு இரண்டு முறை வந்தார். என் கடையில் வீணை சுத்தமாகப் பேசியது. வீட்டுக்குப் போனால் பஞ்சமத்தில் கர்ர். மூன்றாவது முறை நானே அவர் வீட்டுக்குப் போனேன். வாசிக்கச் சொல்லிவிட்டு அறை முழுக்க நடந்தேன். சத்தம் வீணையிலிருந்து வரவே இல்லை. எதிர்ச் சுவரில் கண்ணாடி வைத்த ஷோகேஸ். அதற்குள் கல்யாணச் சீராக வந்த வெள்ளி டம்ளர்கள், ஒன்றை ஒன்று தொட்டபடி. அவர் பஞ்சமத்தை மீட்டினால் ஒரு டம்ளர் கூடவே பாடியது. இரண்டு டம்ளரையும் அரை அங்குலம் தள்ளி வைத்தேன். அவர் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். காபி கொடுத்தார்கள். அதற்கு என்ன கட்டணம் கேட்பது? கேட்காமல் வந்தேன். ஆட்டோவுக்குப் போக வர 300 ரூபாய். அந்த மாதக் கணக்கைப் பார்த்த மனைவி, இனிமேல் வீட்டுக்கு வந்து பார்த்தால் 500 ரூபாய், கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று கடைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டாள். யாரும் மறுப்பு சொன்னதில்லை. நான்தான் தேவையில்லாமல் கூச்சப்பட்டிருக்கிறேன்.

காசு விஷயத்தில் ஒன்று கவனித்திருக்கிறேன். மரம், தந்தி, மெட்டு என்று கண்ணுக்குத் தெரிகிற சாமானுக்கு யோசிக்காமல் கொடுப்பார்கள். மேளம் கட்ட ஒரு முழுநாள் ஆகும். அதில் சாமான் செலவு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் காது. "வெறும் மெழுகுக்கா இவ்வளவு?" என்று கேட்பவர்கள் இன்றும் வருகிறார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துவிடுவேன். ஏழாவது மெட்டுக்கு வரும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள். பத்தாவது மெட்டில் சிலர் தூங்கியும்விடுவார்கள்.

வீணைக்கு எதிரிகள் யார் என்று கேட்டால் முதலில் காரைச் சொல்வேன். தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகிவிடும். மே மாதம் கண்ணாடி ஏற்றிய காரில் வீணையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது மெட்டுகள் பல்செட் போல ஆடிக்கொண்டிருக்கும். அடுத்தது எண்ணெய். விரல் வழுக்கிப் போகத் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். தப்பில்லை, ஆனால் துடைப்பதில்லை. எண்ணெயும் தூசியும் சேர்ந்து மெழுகின் மேல் ஒரு பிசுக்குப் படியும், அதைச் சுரண்டவே அரை நாள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் தந்தி துருப்பிடிக்கிற வேகம் தனி. வெளிநாட்டு வீணைகளுக்கு வேறு பிரச்சினை: குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று வறண்டுவிடும். பலா சுருங்கும். ஒட்டு வாய் பிளக்கும், மேல்பலகையில் நூல் போல விரிசல் விடும். அறையில் ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்று வாங்கிவையுங்கள், நாற்பதுக்குக் கீழே விடாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

அப்புறம் பார்சல். கோயம்புத்தூரிலிருந்து ஒரு வீணை வந்தது. எந்த கூரியர் என்று சொல்லப் போவதில்லை. பெட்டியில் நான்கு பக்கமும் கண்ணாடிக் கோப்பைப் படம் ஒட்டியிருந்தது. தலைகீழாக நிறுத்தி ஏதோ கனமானதை மேலே வைத்திருக்கிறார்கள். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் வீணை இரண்டாகி இருந்தது. அனுப்பிய பையனுக்கு வீடியோவில் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அது அவன் அம்மா வாசித்த வீணை. இழப்பீட்டுக்கு அலைந்து, கடைசியில் அனுப்பிய கட்டணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் ரயிலில் ஆள் கூட வந்தால் வாங்கிக்கொள்கிறேன், இல்லையென்றால் என் அளவுக்கு மரப்பெட்டி செய்து அனுப்பச் சொல்கிறேன். அந்த வீணையை ஒட்டினேன். நன்றாகவே பேசுகிறது. ஒட்டிய இடம் தெரியும். மறைக்கவில்லை.

ஒட்டுவது என்றதும் பசையைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டும். பெரியப்பா வஜ்ரம் என்கிற விலங்குப் பசையைத்தான் காய்ச்சுவார். நாறும். ஊறவைக்க வேண்டும், பக்குவமாகச் சூடாக்க வேண்டும், ஆறுவதற்குள் ஒட்ட வேண்டும். ஆனால் அதற்கு ஒரு குணம்: சூடும் ஈரமும் காட்டினால் மறுபடி விட்டுக்கொடுக்கும். இருபது வருஷம் கழித்து இன்னொருவன் அந்த வாயைத் திறக்க வேண்டியிருந்தால் மரத்தைக் கிழிக்காமல் திறக்கலாம். எனக்கு வரும் வீணைகளில் பாதி, வீட்டில் யாரோ கெமிக்கல் பசை ஊற்றிய பிறகு வருகிறது. விரிசலில் பசை கண்ணாடியாக இறுகியிருக்கும். அதை எடுக்க மரத்தையே செதுக்க வேண்டும். விரிசலோடு கொண்டுவந்திருந்தால் 1,000 ரூபாயில் முடிந்திருக்கும்.

மேல்பலகையைக் கழற்றுகிற வேலை அபூர்வமாகத்தான் வரும். வந்தால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். குடத்துக்குள் முன்னால் ரிப்பேர் செய்தவர்களின் கை தெரியும். ஒருவர் விரிசலுக்கு உள்ளே துணியை ஒட்டியிருப்பார். ஒருவர் பலாத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்திருப்பார், அதில் அவர் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கும். ஒரு பழைய வீணையில் பென்சிலில் "மெதுவாக" என்று எழுதியிருந்தது. யாருக்கு எழுதினார்? அடுத்துத் திறக்கப் போகிறவனுக்குத்தான். நான் அன்று இரண்டு மடங்கு மெதுவாக வேலை செய்தேன்.

முடியாது என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. பழைய வீணைகளில் தந்தமும் மான் கொம்பும் பதித்திருக்கும். ஒரு துண்டு உதிர்ந்துவிட்டது, அதே போல மான் கொம்பில் வைத்துக் கொடுங்கள், எவ்வளவானாலும் தருகிறேன் என்று ஒருவர் கேட்டார். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "அதெல்லாம் யாருப்பா பார்க்கப் போறா?" என்றார். எனக்கு மானும் வேண்டாம், கேஸும் வேண்டாம். இப்போது பட்டறைகளில் பிளாஸ்டிக்தான். பாலிஷ் போட்டால் இரண்டடி தள்ளி நின்றாலே வித்தியாசம் தெரியாது. அவருக்குத் தெரியுமாம். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன டிசம்பரில் அந்த மாம்பலம் டீச்சரின் வீணை மறுபடி வந்தது. டீச்சர் வரவில்லை. விரல் மூட்டு வலி, மீட்டுவதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கொண்டுவந்தது பேத்தி. நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்த பெண், இருபத்திரண்டு வயது, பாட்டியின் தமிழையே பேசுகிறாள். வீணையைத் தன்னோடு எடுத்துப் போகப் போகிறாள்.

வழக்கம் போல உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். கை அப்படியே பாட்டியின் கை. ரிஷபத்தில் நின்றாள், தைவதத்தில் அசைந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்கிள், ஒரு ரெக்வஸ்ட். நான் அங்க ஒரு பேண்ட்ல வாசிக்கறேன். கீபோர்டு, கிட்டார் எல்லாம் இருக்கு. காந்தாரம் அவங்களோட சேரவே மாட்டேங்கறது. இதை ஆப்புக்குச் சரியா வச்சுத் தர முடியுமா?"

நான் டப்பாவைத் திறந்து பாட்டியின் அட்டையை எடுத்தேன். 2014. நாலாவது மெட்டுக்கு நேரே என் கையெழுத்தில் ஒரு அளவு, அதை அடித்துவிட்டு அதன் பக்கத்தில் இன்னொன்று. அடித்த அளவுதான் இவளுக்கு வேண்டும்.

"பாட்டிகிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன். 'ஒன் காதுக்கு எது வேணுமோ அதை வச்சுக்கோ, ஆனா அவன்கிட்டயே போ'ன்னா."

ஒரு நாள் முழுக்க ஆனது. பழைய மெட்டுகள் நின்ற இடத்தையெல்லாம் தண்டியின் ஓரத்தில், மெழுகு மூடிவிடும் இடமாகப் பார்த்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். பிறகு ஆப்பை ஆன் செய்தேன். தம்புராவைப் போடவில்லை, போட்டிருந்தால் கை தானாக இறக்கியிருக்கும். சாயங்காலம் அவள் வந்து வாசித்துப் பார்த்தாள். போனை எதிரே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக. 24ம் பச்சை. "பெர்ஃபெக்ட் அங்கிள்" என்றாள். வெயில் ஏறும் முன் எடுத்துப் போக வேண்டும், மெழுகு இன்னும் முழுதாக இறுகவில்லை, நாளைக் காலைதான் தருவேன் என்றேன்.

காலையில் ஏழு மணிக்கே வந்துவிட்டாள். ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டு, வீணையை உறையில் போட்டு, ஆட்டோவில் குறுக்காக மடியில் வைத்துக்கொண்டு போனாள். சுரண்டியெடுத்த பழைய மெழுகு மேசை மேல் கிடந்தது. இரண்டு உருண்டை தேறியது. கொலு வீணை ஒன்றுக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டு வைத்தேன்.